பெட்டியில் 200 வாட்... உள்ளே எவ்வளவு?

கார் ஸ்டீரியோ விற்கிற எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடாக இருக்கலாம், ஏதோ ஒரு ஊர் பைபாஸில் சீட் கவரும் ஃபுட் மேட்டும் மாட்டித் தருகிற ஒற்றை ஷட்டர் கடையாக இருக்கலாம். வசனம் மட்டும் மாறாது.

"சார், செட்டு அம்பதுக்கு நாலு. மொத்தம் எரநூறு வாட்டு. ஸ்பீக்கர் எரநூத்தி அறுபது வாட்டு. பக்கா மேட்ச் சார், கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க."

கேட்கிறவருக்கும் திருப்தி. 200-ஐ விட 260 பெரியது, ஆக ஸ்பீக்கர் தாங்கும், போடு பில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த 200-ம் நிஜமில்லை, 260-ம் நிஜமில்லை. இரண்டு பொய்களைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்ப்பதற்குப் பெயர்தான் இங்கே 'மேட்சிங்'.

பொய் என்பது கொஞ்சம் காரமான வார்த்தைதான். ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு வேறு வார்த்தை இருந்தால் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதி போதும். காமர்ஸ் குரூப்காரர்களும் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்கள் :-)

காரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுவதால் அது 14.4 வோல்ட் வரை போகும். டாஷ்போர்டில் மாட்டுகிற செட்டுக்குள் இந்த வோல்டேஜை இன்னும் ஏற்றித் தருகிற சர்க்யூட் பொதுவாகக் கிடையாது. (தனி ஆம்ப்ளிஃபையரில் உண்டு. அதனால்தான் அது செங்கல் சைஸில் இருக்கிறது, விலையும் அப்படி.) ஆகவே ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுக்கு நடுவில் அந்த செட் கொடுக்கக்கூடிய அதிகபட்ச வோல்டேஜ் 14.4. வழக்கமான கார் ஸ்பீக்கர் 4 ஓம். வோல்டேஜை அதே வோல்டேஜால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 14.4-ஐ 14.4 ஆல் பெருக்கினால் 207.36. அதை நாலால் வகுத்தால் 51.84.

அட, அந்த 50 வந்துவிட்டதே! அப்புறம் எங்கே பொய் என்று கேட்பீர்கள். அது அந்த 14.4-க்குள் ஒளிந்திருக்கிறது. பாட்டு என்பது அலை. ஏறும், இறங்கும், பூஜ்யத்தைத் தொடும், எதிர்ப்பக்கம் போகும். 51.84 வாட் வர வேண்டுமானால் வோல்டேஜ் எல்லா நேரமும் உச்சியிலேயே நிற்க வேண்டும். இந்த உச்சி, அந்த உச்சி, நடுவில் எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட சதுர அலையைக் கேட்டால் பாட்டு மாதிரி இருக்காது, பஸ் ஸ்டாண்டில் மைக் பழுதானது மாதிரி இருக்கும். ஒழுங்கான, உடையாத ஒரு அலைக்கு உச்சத்தை 1.414 ஆல் வகுக்க வேண்டும். 14.4 அப்போது 10.2 ஆகிவிடும். அதை அதே 10.2-ஆல் பெருக்கி நாலால் வகுத்தால் 26 வாட். இதுவும் ஐ.சி.யில் துளி நஷ்டமும் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. நிஜத்தில் ஒரு சேனலுக்குக் கிடைப்பது 18-லிருந்து 22. இதைத்தான் ஆர்.எம்.எஸ். பவர் என்றும், தொடர்ச்சியான பவர் என்றும் சொல்கிறார்கள்.

இது ஏதோ ரகசியம் இல்லை. 50 × 4 என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போடுகிற கம்பெனியே உள்ளே வைக்கிற மேனுவலில் 22 வாட் × 4 என்று போடுகிறது. 50 ஹெர்ட்ஸ் முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை, 5 சதவீத டிஸ்டார்ஷன், 4 ஓம் என்று நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளையும் கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற அடிவயிற்று பேஸுக்கு உத்தரவாதமே இல்லை. 5 சதவீத டிஸ்டார்ஷன் என்பதும் கொஞ்சம் தாராள மனசுதான். சரி, அதையும் விடுங்கள். பெட்டிக்கு வெளியே 50, உள்ளே 22. மேனுவல் இருப்பது சீல் வைத்த பெட்டிக்குள். சீலை உடைப்பது பில் போட்ட பிறகு. உடைத்த பெட்டியை எந்தக் கடையும் திருப்பி எடுக்காது.

மேனுவல் கையில் இல்லாவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. செட்டின் பின்பக்கம் ஒரு ஃப்யூஸ் சொருகியிருக்கும். பெரும்பாலும் சிவப்பு நிறம், 10 என்று எழுதியிருக்கும். 10 ஆம்பியர். 14.4 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 144 வாட். அதாவது அந்த செட்டுக்குள் தொடர்ந்து நுழையக்கூடிய மொத்த மின்சாரமே 144 வாட். அதற்குள்தான் டிஸ்ப்ளே எரிய வேண்டும், புளூடூத் ஓட வேண்டும், ஐ.சி. சூடாக வேண்டும். உள்ளே போவது 144, வெளியே வருவது 200! ஃபர்ஸ்ட் இயரில் டிரையல் பேலன்ஸ் போட்ட யாருக்கும் இது டேலி ஆகாது என்று தெரியும். ஃப்யூஸ் ஒரு கண நேரம் கூடுதலாகத் தாங்கும் என்பது வாஸ்தவம். ஆனால் ஒரு முழுப் பாட்டுக்குத் தாங்காது. செட்டுக்குள் இருக்கும் வழக்கமான ஆம்ப்ளிஃபையர் முழு வேகத்தில் ஓடும்போது வாங்குகிற மின்சாரத்தில் சுமார் அறுபது சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும், மிச்சம் வெறும் சூடு. 144-ல் அறுபது சதவீதம் 86. நாலு சேனலுக்குப் பிரித்தால் 21.5. மேனுவலில் இருக்கும் 22-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். ஓம் விதி வழியாகப் போனாலும் இங்கேதான், ஃப்யூஸ் வழியாகப் போனாலும் இங்கேதான்.

இன்றைக்கு வருகிற ஆண்ட்ராய்டு டச் ஸ்க்ரீன் செட்டுகளுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். ஸ்க்ரீன் பத்து இஞ்ச் ஆகிவிட்டது என்பதற்காக பேட்டரி 24 வோல்ட் ஆகிவிடவில்லை.

ஸ்பீக்கர் பக்கமும் இதே கூத்து. 260 வாட் மேக்ஸ் என்று போட்ட ஆறு இஞ்ச் ஸ்பீக்கரின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு மூலையில் ஆர்.எம்.எஸ். 40 என்று எறும்பு சைஸில் இருக்கும். (260 ஒன்றுக்கா, ஜோடிக்கா என்பது சில பெட்டிகளில் கடைசி வரைக்கும் புரியாது.) இங்கே ஆர்.எம்.எஸ். என்பதன் அர்த்தமே வேறு. செட்டுக்கு அது 'கொடுக்க முடிந்த அளவு'. ஸ்பீக்கருக்கு அது 'தாங்க முடிந்த அளவு'. ஸ்பீக்கர் தானாக எந்த வாட்டையும் உண்டாக்குவதில்லை. 260 வாட் ஸ்பீக்கர் என்றால் 260 வாட் சத்தம் என்று நினைப்பது, 260 லிட்டர் ஃப்ரிட்ஜ் வாங்கினால் 260 லிட்டர் பால் கூடவே வரும் என்று நினைப்பது மாதிரி.

தாங்குவது என்றால் எதைத் தாங்குவது? சூட்டை. ஸ்பீக்கர் மாதிரி ஊதாரி வேறில்லை. 92 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர், கொடுக்கிற மின்சாரத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதத்தைத்தான் சத்தமாக மாற்றுகிறது. பாக்கி 99 சதவீதமும் உள்ளே இருக்கிற சின்ன செம்புச் சுருளைச் சூடாக்குகிறது. சூடு எல்லை மீறினால் சுருளை ஒட்டியிருக்கிற பசை இளகும், இனாமல் பூச்சு கருகும், கடைசியில் கம்பி அறுந்து ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஆர்.எம்.எஸ். என்பது இந்தச் சூட்டின் எல்லை. இன்னொரு எல்லையும் உண்டு. ரொம்பத் தாழ்வான பேஸைத் திணித்தால் கோன் தன் வரம்பைத் தாண்டி முன்னும் பின்னும் குதித்துக் கிழியும். அதற்கு ஆர்.எம்.எஸ். அளவுக்குக்கூடப் போக வேண்டாம், அதற்கு முன்பே நடக்கலாம்.

ஆக, கடையில் செய்த 200-க்கு 260 மேட்சிங் உண்மையில் 20-க்கு 40. இது ஆபத்தா என்றால், இல்லவே இல்லை. அருமையான ஜோடி. இந்த வியாபாரத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டாவது கட்டுக்கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கால் டாக்ஸி ஓட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலு மணி நேரம் வண்டிக்குள்ளேயே வாழ்க்கை. டியூ கட்டியது போக மிச்சம் பிடித்து, செட்டும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் போடுகிறார். நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் 200 வாட் என்று மனசில் பதிந்துவிட்டதே, அந்த அளவுக்கு இடிக்கவில்லை. பத்து நாள் கழித்துத் திரும்பிப் போகிறார்.

"அண்ணே, எரநூறு வாட்னு சொன்னீங்க. சத்தமே பத்தலயே?"

"அது மேக்ஸ்ப்பா. ஸ்பீக்கருக்குப் பவர் பத்தல. கம்மி பவர்ல ஓட்டுனா ஸ்பீக்கர் சீக்கிரம் அடிச்சிரும். ஒரு ஆம்ப் போட்டுரு, அப்பறம் பாரு."

முதல் தடவை வராத 'மேக்ஸ்' என்ற வார்த்தை இரண்டாவது தடவை எவ்வளவு சாதாரணமாக வருகிறது பாருங்கள். பெட்டியில் 20 என்று போட்டிருந்தால் அவர் ஒன்று அதிலேயே திருப்தியாகியிருப்பார், இல்லை முதலிலேயே காசு சேர்த்து வைத்து வேறு திட்டம் போட்டிருப்பார். இப்போது அந்த 200, அடுத்த விற்பனைக்கான விதை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. அவரும் பெட்டியைப் பார்த்துத்தான் விற்கிறார், பாதிப் பேர் அதை நிஜமாகவே நம்புகிறார்கள்.

'கம்மி பவரில் ஓட்டினால் ஸ்பீக்கர் எரியும்' என்பது இந்தத் துறையின் வேதவாக்கு. கொஞ்சம் யோசித்தால் உடைந்துவிடும். காலையில் மெதுவாக எஃப்.எம். வைத்துக்கொண்டு போகும்போது ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட் இருந்தால் அதிகம். கம்மி பவர் ஆபத்து என்றால் அப்போதே எரிந்திருக்க வேண்டுமே? வால்யூமைக் குறைத்ததால் ஸ்பீக்கர் செத்ததாக எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை.

எரிவதற்குக் காரணம் வேறு. 20 வாட் செட்டின் வால்யூமைக் கடைசி வரை திருகினால், கொடுக்க முடிந்த 14.4 வோல்ட்டைத் தாண்டி அலை ஏறப் பார்க்கும். ஏற முடியாது. தலை வெட்டுப்பட்டு மொட்டையாகும். இதுதான் கிளிப்பிங். தலை மொட்டையாக மொட்டையாக அலை சதுரத்துக்குப் பக்கத்தில் போகிறது, 20 வாட் செட் 30, 40 என்று தர ஆரம்பிக்கிறது. பெட்டியில் போட்ட அந்த 50 கடைசியில் கிடைப்பது இப்படித்தான், பாட்டைக் கொன்றுவிட்டு! இதில் முதலில் பலியாவது ட்வீட்டர். பேஸ் ஏற்கெனவே உச்சியில் முட்டி நிற்பதால், வால்யூமைக் கூட்டக் கூட்ட மேல் ஸ்வரங்களின் பங்குதான் கூடும். ஒரு சில வாட்டுக்கு மேல் தாங்காத சின்ன ட்வீட்டரின் தலையில் அது விடியும். ஆகவே எரித்தது கம்மி பவர் இல்லை, அளவுக்கு மீறிய பவர். மருந்தும் ஆம்ப் இல்லை. குரல் கரகரக்க ஆரம்பிக்கிற இடத்துக்கு இரண்டு புள்ளி முன்னாலேயே வால்யூமை நிறுத்துவதுதான்.

வால்யூமை விடப் பெரிய வில்லன் ஒருவர் இருக்கிறார். பேஸ் பூஸ்ட். இந்த பட்டனை அழுத்தாத கார் இல்லை. டெசிபல் கணக்கில் 3 கூட்டினால் பவர் இரண்டு மடங்கு, 6 கூட்டினால் நாலு மடங்கு, 10 கூட்டினால் பத்து மடங்கு. பேஸை 10 டெசிபல் ஏற்றி வைத்தால், 2 வாட்டில் ஓடிக்கொண்டிருந்த அடி இப்போது 20 வாட் கேட்கும். செட்டின் கையிருப்பு மொத்தமும் அதிலேயே தீர்ந்தது. வால்யூம் பாதி தாண்டுவதற்குள் கிளிப்பிங். "செட்டுல பவரே இல்லப்பா" என்று திட்டுகிற வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்த பட்டனைத்தான். அணைத்துவிட்டு, செட்டில் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். கதவு ஸ்பீக்கரால் எப்படியும் முடியாத அடி பேஸ் போகாமல் தடுக்கப்படும். மிச்சப்படுகிற பவர் குரலுக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் போகும். பைசா செலவில்லை.

அப்படியென்றால் ஸ்பீக்கர் வாங்கும்போது எந்த நம்பரைப் பார்ப்பது? ஆம்ப் போடப் போவதில்லை என்றால் வாட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆர்.எம்.எஸ். 30-க்கு மேல் எது இருந்தாலும் போதும். பார்க்க வேண்டியது, பெட்டியில் யாருமே கொட்டை எழுத்தில் போடாத சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால் எத்தனை டெசிபல் சத்தம் என்பது. 86 டெசிபல் ஸ்பீக்கரும் 92 டெசிபல் ஸ்பீக்கரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வித்தியாசம் 6 டெசிபல், அதாவது நாலு மடங்கு. 20 வாட்டில் 92 டெசிபல் ஸ்பீக்கர் போடுகிற சத்தத்துக்கு 86-க்கு 80 வாட் வேண்டும். ஆம்ப்புக்குக் கொட்ட இருந்த காசு இந்த ஒற்றை நம்பரில் மிச்சம். நிறைய கம்பெனிகளில் 500 வாட் மேக்ஸ் என்று மிரட்டுகிற கனமான ஸ்பீக்கருக்கு சென்சிட்டிவிட்டி குறைவாகவும், அடக்கமான ஸ்பீக்கருக்கு அதிகமாகவும் இருப்பதுண்டு. வெறும் செட்டோடு அந்த 500-ஐ மாட்டுகிறவர் அதிகக் காசு கொடுத்துக் குறைந்த சத்தம் வாங்குகிறார்.

(இதிலும் ஒரு தில்லாலங்கடி உண்டு. சில கம்பெனிகள் 1 வாட் என்று போடாமல் 2.83 வோல்ட் என்று போடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட்தான். ஆனால் 4 ஓம் கார் ஸ்பீக்கருக்கு 2 வாட். அப்படிப் போட்டிருந்தால் மனசுக்குள் 3 டெசிபலைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

20 வாட் என்றால் கேவலம் என்று நினைக்கவும் வேண்டாம். 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 103 டெசிபல். அமெரிக்காவின் நியோஷ் என்ற அரசு ஆய்வு நிறுவனம் தொழிலாளர்களின் காதுக்கு வைத்திருக்கிற வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம், 103-ல் ஏழரை நிமிடம். கண்ணாடி ஏற்றிய காருக்குள், நாலு ஸ்பீக்கரோடு, பதினாலு மணி நேரம் உட்காருகிற டிரைவருக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்ல வேண்டும். அந்த 'வெறும்' 20 வாட்டே காதைக் கெடுக்கப் போதும். 50 என்று பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் சொல்கிற பொய் இது என்பதுதான் எரிச்சல்.

ஆம்ப்பே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பேஸ் என்பது பவரைக் குடிக்கும். சப் ஊஃபர் வைக்க ஆசை என்றால் ஆம்ப் இல்லாமல் நடக்காது. அப்போது நிஜமான மேட்சிங் பார்க்க வேண்டும். ஆம்ப்பின் ஆர்.எம்.எஸ்., அதுவும் நீங்கள் மாட்டுகிற ஓமில், ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ்-க்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ. 'மேக்ஸ்' பக்கமே திரும்ப வேண்டாம். வயரிலும் கஞ்சத்தனம் கூடாது. நிஜமான 400 வாட் ஆம்ப், அறுபது சதவீதத் திறனில், பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 46 ஆம்பியர் இழுக்கும். அதைப் போய் சிகரெட் லைட்டர் வயரில் ஒட்டுப் போட்டுக் கொடுக்கிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ். இரண்டும் இல்லாவிட்டால் அது ஆடியோ சிஸ்டம் இல்லை, தீ வைக்கிற சிஸ்டம்.

இனி காமர்ஸ்காரர்களின் ஏரியா. செகண்ட் இயர் பிசினஸ் லாவில் 1930-ஆம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டம் வருகிறது. 15-வது பிரிவு, வர்ணனையைச் சொல்லி விற்றால் சரக்கு அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. பரீட்சைக்காக எல்லோரும் உருப்போடுவதுதான். '50 வாட் × 4' என்பது வர்ணனை இல்லாமல் வேறென்ன? 2019-ஆம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு படி மேலே போய், திசை திருப்புகிற விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கம்பெனி வக்கீல் எழுந்து "ஐயா, மேக்ஸ் என்று போட்டிருக்கிறோமே" என்று சொன்னால் பதில் சொல்வது கஷ்டம். ஏனென்றால் கார் செட்டில் மேக்ஸ் என்றால் என்ன, எப்படி அளந்தது என்று பெட்டியில் எழுத வைக்கிற விதி இல்லை. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் டூ இன் ஒன்னிலும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலும் 1000 வாட் பி.எம்.பி.ஓ. என்று போட்டார்களே, அந்தப் பரம்பரைதான் இதுவும். கைக்கடக்கமான அடாப்டரில் ஓடுகிற டப்பா, அதில் ஆயிரம் வாட்!

'வாங்குகிறவன்தான் உஷாராக இருக்க வேண்டும்' என்று ஒரு கட்சி உண்டு. வெண்டைக்காய் வாங்கும்போது அது சரி, நுனியை ஒடித்துப் பார்க்கலாம். வாட்டை எதை ஒடித்துப் பார்ப்பது? கடையில் போர்டில் மாட்டி வைத்து ஸ்விட்ச் தட்டிக் காட்டுகிற டெமோவும் உதவாது. எது சத்தமாகக் கேட்கிறதோ அதுதான் நல்லது என்று எந்தக் காதும் சொல்லும். வண்டியின் தகரக் கதவில் மாட்டி, டயர் சத்தத்தோடு கேட்கும்போது கதையே வேறு.

நல்ல கம்பெனி ஒன்று முன்வந்து உண்மையைப் போடட்டுமே என்றால், அதுவும் நடக்காது. ஷெல்ஃபில் '50 × 4' என்று பத்துப் பெட்டி, நடுவில் '20 × 4' என்று ஒரு பெட்டி. எதை எடுப்பீர்கள்? அந்த 20-தான் ஒருவேளை இருப்பதிலேயே நல்ல செட்டாக இருக்கும், ஆனால் தூசி படிந்து கிடக்கும். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் எழுதினார். விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாதபோது, நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காமல் அது சந்தையை விட்டே போய்விடும் என்று. 2001-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இங்கே சந்தையை விட்டுப் போனது செட் இல்லை, உண்மையான நம்பர்.

எனவே யோக்கியமான கம்பெனிகளுக்காகவாவது ஒரு விதி வேண்டும். இது நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்காவில் வீட்டு ஸ்டீரியோக்கள் இதே மாதிரி நம்பர் விளையாட்டு விளையாடியபோது, 1974-ல் வணிக ஆணையம் விதி போட்டது. ஆம்ப்ளிஃபையரை முதலில் சூடேற்ற வேண்டும், அப்புறம் தொடர்ச்சியான பவரை அளக்க வேண்டும், எத்தனை ஓம், எந்த ஹெர்ட்ஸ் முதல் எந்த ஹெர்ட்ஸ் வரை, எவ்வளவு டிஸ்டார்ஷன் எல்லாம் சொல்ல வேண்டும் என்று. 2024-ல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். என்ன, அது வீட்டுக்கு மட்டும், காருக்கு இல்லை. காருக்கு 2003-ல் அங்கே தொழில்துறையே ஒன்றுகூடி சி.இ.ஏ.-2006 என்ற தரத்தை உண்டாக்கியது. 14.4 வோல்ட், 4 ஓம், டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள். ஆனால் விருப்பப்பட்டவர்கள் மட்டும் போட்டால் போதும். விருப்பப்படாதவர்கள் வழக்கம்போல 50-தான்.

இந்தியாவில் ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் 2006-லிருந்து நட்சத்திர லேபிள் இருக்கிறது. ஒரே மாதிரி சோதனை, ஒரே மாதிரி நம்பர், கடையில் பெட்டியைத் திறக்காமலே ஒப்பிடலாம். குளியல் சோப்பு கவரில்கூட 75 கிராம் என்று எடை போட்டே ஆக வேண்டும், குறைந்தால் தப்பு. சோப்புக்கு இருக்கிற மரியாதை ஆயிரக்கணக்கில் காசு வாங்குகிற செட்டுக்குக் கூடாதா? கேட்பது ஒரே ஒரு வரி. 'ஒரு சேனலுக்கு இத்தனை வாட் ஆர்.எம்.எஸ்., 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீத டிஸ்டார்ஷன்.' மேக்ஸ் போடுகிற அதே சைஸ் எழுத்தில், அதே பக்கத்தில். மேக்ஸையும் போட்டுக்கொள்ளட்டும், யார் தடுத்தது?

அது வருகிற வரைக்கும், கடைக்குப் போகிற நண்பர்கள் பெட்டியை விட்டுவிட்டு மொபைலை எடுங்கள். மாடல் நம்பரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலான கம்பெனிகளின் மேனுவல் இணையத்திலேயே கிடைக்கிறது. கடைசிப் பக்கங்களில் 'ஸ்பெசிஃபிகேஷன்ஸ்' என்ற தலைப்புக்குக் கீழே, ஆடியோ பகுதியில், 'கன்டின்யுவஸ் பவர் அவுட்புட்' என்று ஒரு வரி இருக்கும். ஸ்பீக்கருக்கு 'சென்சிட்டிவிட்டி'. இரண்டையும் கடைக்காரரிடம் காட்டி, "அண்ணே, இந்த ரெண்டுக்கும் எது சரியா வரும்?" என்று கேளுங்கள். விவரம் தெரிந்த கடைக்காரர் என்றால் அதற்கப்புறம் வாட்டைப் பற்றிப் பேசவே மாட்டார். கதவுக்குள் ஓட்டையை அடைத்து டேம்பிங் ஷீட் ஒட்டுவதைப் பற்றியும், ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறாமல் கொடுப்பதைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிடுவார்.